இன்சுலின் போகும் வழியில்: ஒரு செல்லுக்குள் பயணக் குறிப்புகள்

முதல் நாள்: சவ்வைத் தாண்டி

முதலில் அளவுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அது இல்லாவிட்டால் இனி வரும் எண்கள் எதுவும் மனத்தில் ஒட்டாது. என்னை 10 கோடி மடங்கு சுருக்கிக்கொண்டேன். 1 நானோமீட்டர் இனி எனக்கு 10 சென்டிமீட்டர். என் உயரம் 17 நானோமீட்டர். நான் போகிற செல்லின் விட்டம் சுமார் 12 மைக்ரான். என் கால்களுக்கு அது 1.2 கிலோமீட்டர். நேரத்தை மட்டும் வேண்டியபோது ஓடவிட்டு, வேண்டியபோது நிறுத்திப் பார்த்துக்கொள்வேன். அந்தச் சலுகை இல்லாமல் இங்கே எதையும் கண்ணால் பிடிக்க முடியாது.

எந்தச் செல்லுக்குப் போவது? பாடப்புத்தகத்தில் எல்லா உறுப்புகளும் பளிச்சென்ற நிறங்களில் மிதக்கும் ஒரு 'பொதுவான செல்' இருக்குமே, அது உடலில் எங்கேயும் கிடையாது. இருப்பவை எல்லாம் ஏதாவது ஒரு வேலை பார்க்கிற செல்கள்தான். அதனால் கணையத்தின் பீட்டா செல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். இன்சுலின் செய்து வெளியே அனுப்புவது அதன் வேலை. ஒரு இன்சுலின் மூலக்கூறு பிறந்து வெளியேறும் வழியைப் பிடித்துக்கொண்டு போனால், செல்லின் முக்கியமான இடங்கள் ஏறக்குறைய எல்லாமே அந்த வழியில் வந்துவிடும்.

கணையத்தின் பெரும்பகுதி செரிமான நீர் சுரப்பது. அதற்கு நடுவே சிறு சிறு தீவுகளாக இருக்கும் லாங்கர்ஹான்ஸ் திட்டுகளில்தான் பீட்டா செல்கள் உள்ளன. 1869இல், மருத்துவ மாணவராக இருந்தபோது, பால் லாங்கர்ஹான்ஸ் இவற்றைக் கண்டு எழுதினார். இவை எதற்கென்று அவருக்குத் தெரியாது.

செல்சவ்வு எனக்கு முழங்கால் அளவுகூட இல்லை: 4 நானோமீட்டர் தடிமன், அதாவது 40 சென்டிமீட்டர். இரண்டு அடுக்கு கொழுப்பு மூலக்கூறுகள், அவ்வளவுதான். இது சுவர் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் காலை வைத்ததுமே தடுமாறுவார்கள். ஒவ்வொரு கொழுப்பு மூலக்கூறும் ஒரு நொடியில் ஏறத்தாழ ஒரு கோடி முறை பக்கத்து மூலக்கூறோடு இடம் மாற்றிக்கொள்கிறது. பெரிய புரதங்கள் அதில் செருகி நின்றபடி மெல்ல நகர்கின்றன. ஆனால் மேலடுக்கு மூலக்கூறு தானாகக் கீழடுக்குக்குப் புரள்வது மாதத்துக்கு ஒரு முறைகூட நடப்பதில்லை. பக்கவாட்டில் இவ்வளவு சுதந்திரம், மேல்கீழாக இவ்வளவு கண்டிப்பு! இந்தப் படத்தை 1972இல் சிங்கரும் நிக்கல்சனும் முன்வைத்தார்கள்.

குளுக்கோஸ் நுழையும் வாசலில் சற்று நேரம் நின்றேன். அது துளை அல்ல. வெளிப்பக்கம் வாய் திறந்து ஒரு குளுக்கோஸை வாங்குகிறது, வாயை மூடுகிறது, பிறகு உள்பக்கம் திறந்து விடுகிறது. இதற்கு ஆற்றல் செலவே இல்லை; எந்தப் பக்கம் சர்க்கரை அதிகமோ அங்கிருந்து மற்ற பக்கத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். ஆனால் குளுக்கோஸ் என் கணக்கில் 9 சென்டிமீட்டர். நான் அந்த வழியாகப் போக முடியாது.

வேறு வழி உண்டு. சவ்வின் உள்பக்கம் கிளாத்ரின் என்ற மூன்று கால் கொண்ட புரதங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கூடையாக வளைய, சவ்வும் கூடவே குழிகிறது. குழியின் கழுத்தை டைனமின் என்ற புரதம் இறுக்கி அறுத்ததும் 10 மீட்டர் அகலப் பை ஒன்று உள்ளே விழுந்தது, என்னோடு. இப்படி வரும் பைகளில் பல கடைசியில் எல்லாவற்றையும் கரைக்கும் நொதிப் பையான லைசோசோமுக்குப் போய்ச் சேரும் என்பது எனக்குத் தெரியும். பயணக் கதைக்கு உள்ள உரிமையைப் பயன்படுத்திச் சவ்வைத் தாண்டிக் குதித்துவிட்டேன். நிஜத்தில் பல வைரஸ்கள் இதே தந்திரத்தைச் செய்கின்றன.

இரண்டாம் நாள்: நெரிசல்

சைட்டோபிளாசம் என்றால் நீலநிறக் கூழில் அங்கொன்றும் இங்கொன்றுமாக உறுப்புகள் என்றுதான் படங்கள் காட்டும். அந்தப் படங்களின் மேல் எனக்குக் கோபமே உண்டு. காலி இடம் எங்கே? உள்ளிருக்கும் கனஅளவில் 20 முதல் 30 சதவீதம் வரை பெரிய மூலக்கூறுகள் அடைத்திருக்கின்றன. ஒரு செல்லில் புரத மூலக்கூறுகள் மட்டும் நூறு கோடியைத் தாண்டும். மிச்ச இடத்தில் தண்ணீரும் உப்பு அயனிகளும் சிறு மூலக்கூறுகளும். அலுவலக நேரத்துப் பேருந்துக்குள் நிற்பதுதான் இதற்குச் சரியான உவமை, ஒரே வித்தியாசம்: இங்கே ஒருவர்கூடச் சும்மா நிற்பதில்லை.

தண்ணீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமிருந்தும் இடிக்கின்றன. அந்த இடியில் எல்லாமே ஆடுகின்றன, சுழல்கின்றன, முட்டுகின்றன. 1827இல் ராபர்ட் பிரவுன் மகரந்தத்திலிருந்து வந்த துகள்கள் தண்ணீரில் ஓயாமல் துள்ளுவதைப் பார்த்தார். சில ஆண்டுகள் கழித்து, 1831இல், செல்லுக்குள் இருக்கும் உருண்டைக்கு நியூக்ளியஸ் (உட்கரு) என்று பெயர் வைத்தவரும் அவரே. இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக அவர் நினைத்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் இங்கே நின்று பார்த்தால் அந்தத் துள்ளல்தான் செல்லின் முதல் போக்குவரத்து. ஒரு சாதாரணப் புரதத்தை விட்டுவிட்டால், யாரும் தள்ளாமலே, முட்டிமோதிச் சில நொடிகளில் செல்லின் மறுமுனைக்குப் போய்விடுகிறது. நொதி தன் வேலைக்கான மூலக்கூறைத் தேடிப் போவதில்லை. இரண்டும் மோதிக்கொள்கின்றன, பொருந்தினால் பிடிக்கின்றன, பொருந்தாவிட்டால் பிரிகின்றன. 'செல்லுக்குத் தெரியும்', 'புரதம் தேடிச் செல்கிறது' என்று எழுதும்போதெல்லாம் நாம் கொஞ்சம் பொய் சொல்கிறோம். நானும் இந்தக் குறிப்புகளில் சொல்லத்தான் போகிறேன், வேறு வழியில்லை.

ஆனால் பெரிய சுமைகளுக்கு இந்த முட்டல் போதாது. 30 மீட்டர் அகலப் பை ஒன்று இந்த நெரிசலில் தானாக எங்கும் போய்ச் சேராது. அதற்காகத்தான் பாதைகள். நுண்குழல் ஒன்றின் அடியில் நின்றேன்: இரண்டரை மீட்டர் விட்டம், உள்ளே வெற்றுக்குழல், டியூபுலின் புரதங்களால் ஆனது, கண்ணுக்கெட்டிய வரை நீண்டிருந்தது. அதன் மேல் கைனசின் நடந்து வந்தது. இரண்டு பாதங்கள், ஒவ்வோர் அடிக்கும் ஒரு ஏ.டி.பி. (செல்லின் ஆற்றல் நாணயமான மூலக்கூறு) செலவு, ஓர் அடி எடுத்துவைத்தால் 8 நானோமீட்டர். எனக்கு 80 சென்டிமீட்டர், என் நடையைவிடக் கொஞ்சம் எட்டிப்போட்ட நடைதான். ஆனால் நொடிக்குச் சுமார் 100 அடிகள்! என் கணக்கில் மணிக்கு 280 கிலோமீட்டருக்கு மேல். கைனசின் 1985இல் கண்டுபிடிக்கப்பட்டது. எதிர்த்திசையில் போவதற்கு டைனீன் என்ற வேறொன்று இருக்கிறது.

பாதையும் நிலையானதில்லை. நுண்குழலின் ஒரு முனை வளர்ந்துகொண்டே இருந்தது. திடீரென்று நார் நாராகப் பிரிந்து பின்னோக்கிச் சரிந்தது. கொஞ்ச தூரம் போய் மறுபடி வளரத் தொடங்கியது. இப்படி வளர்ந்தும் சரிந்தும் கொண்டிருக்கும் இயல்பை 1984இல் மிட்சிசனும் கிர்ஷ்னரும் விளக்கினார்கள். நான் நடந்த பாதை திரும்பி வரும்போது இருக்கும் என்ற உத்தரவாதம் இங்கே கிடையாது.

மூன்றாம் நாள்: உட்கரு

600 மீட்டர் விட்டத்துக்கு ஒரு கோளம். இரட்டைச் சவ்வு. அதில் ஆயிரக்கணக்கான வாசல்கள், ஒவ்வொன்றும் சுமார் 30 வகைப் புரதங்களின் பல பிரதிகளால் கட்டப்பட்டது. வாசலின் நடுவே கதவு இல்லை. சுருண்டு நெளியும் புரத இழைகள் அடர்ந்து நிறைந்திருக்கின்றன. சிறிய மூலக்கூறுகள் நழுவிப் போய்விடும். பெரியவை, அந்த இழைகளோடு ஒட்டி ஒட்டி விலகத் தெரிந்த ஒரு கடத்துப் புரதத்தோடு வந்தால்தான் போக முடியும். நானும் ஓர் இம்போர்ட்டினைப் பிடித்துக்கொண்டேன்.

உள்ளே டி.என்.ஏ. இதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எண்களை நம்பவே முடியவில்லை. ஒரு மனித செல்லில் மொத்தம் சுமார் 2 மீட்டர் டி.என்.ஏ. உள்ளது. என் அளவுக்கு மாற்றினால் 20 சென்டிமீட்டர் தடிமன் உள்ள கயிறு, நீளம் 2 லட்சம் கிலோமீட்டர். நிலாவுக்குப் போகும் தூரத்தில் பாதிக்கு மேல். அது 600 மீட்டர் கோளத்துக்குள் கிடக்கிறது, அதுவும் சிக்கல் விழாமல். எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் சேர்ந்த ஓர் உருளை. அதன் மேல் 147 எழுத்து நீளத்துக்கு இழை ஒன்றரைச் சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுற்றுகிறது. பிறகு கொஞ்சம் நீளம், மறுபடி ஓர் உருளை. இப்படிக் கோடிக்கணக்கில். 46 குரோமோசோம்களும் கலந்து கிடக்கவில்லை, ஒவ்வொன்றுக்கும் அதனதன் பகுதி உண்டு.

நான் தேடியது 11ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில் இருக்கும் இன்சுலின் மரபணு. 1,400 சொச்சம் எழுத்துகள்தான். 2 லட்சம் கிலோமீட்டர் கயிற்றில் 50 மீட்டருக்கும் குறைவான துண்டு! இதே துண்டு தோல் செல்லிலும் உண்டு, மூளைச் செல்லிலும் உண்டு. அங்கே மூடிக் கிடக்கிறது. இங்கே திறந்திருக்கிறது, படியெடுக்கும் நொதிகள் ஒன்றன்பின் ஒன்றாக அதன்மேல் போகின்றன. வெளிவரும் ஆர்.என்.ஏ. படியிலிருந்து தேவையில்லாத இரண்டு துண்டுகள் வெட்டி நீக்கப்பட்டு, முனைகள் ஒட்டப்பட்டு, தலையில் ஒரு மூடியும் வாலில் நீண்ட அடினின் வரிசையும் சேர்க்கப்பட்ட பிறகுதான் வாசல் அதை வெளியே விடுகிறது.

நியூக்ளியோலஸ் பக்கமாக வெளியேறினேன். சவ்வே இல்லாத அடர்த்தியான பகுதி அது. புரதம் செய்யும் எந்திரமான ரிபோசோமின் பாகங்கள் அங்கேதான் உருவாகின்றன. அதற்கு மேல் அங்கே நிற்க நேரமில்லை, ஆர்.என்.ஏ. முன்னால் போய்விட்டது.

நான்காம் நாள்: ரிபோசோமும் வலையும்

ரிபோசோம் என்னைவிட ஒன்றரை மடங்கு உயரம். இரண்டு பாகங்கள். இன்சுலின் ஆர்.என்.ஏ. நடுவே நுழைய, மேல் பாகத்தின் பின்பக்கச் சுரங்கத்திலிருந்து அமினோ அமிலச் சங்கிலி வெளிவரத் தொடங்கியது. நொடிக்கு ஐந்தாறு அமினோ அமிலங்கள். இந்த இடத்தில் நான் பார்த்தே தீர வேண்டும் என்று வந்த காட்சி ஒன்று உண்டு: இரண்டு அமினோ அமிலங்கள் இணையும் மையம். அங்கே புரதமே இல்லை, சுற்றிலும் ஆர்.என்.ஏ.தான். புரதம் செய்கிற இடத்தில் வேதிவினையை நடத்துவது புரதமல்ல! ரிபோசோமின் அணு அளவு அமைப்பைக் கண்டறிந்ததற்காக வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், தாமஸ் ஸ்டெய்ட்ஸ், அடா யோனாத் மூவருக்கும் 2009இல் நோபல் பரிசு கிடைத்தது.

சங்கிலியின் முதல் 24 அமினோ அமிலங்கள் இன்சுலினின் பாகமே அல்ல. முகவரி. அது சுரங்கத்தை விட்டு எட்டிப்பார்த்ததும் எங்கிருந்தோ மோதிய ஒரு துகள் அதைக் கவ்விக்கொண்டது. ரிபோசோம் வேகம் குறைந்தது. அந்த முழுத் தொகுப்பும் மிதந்து போய் எண்டோபிளாச வலையின் சவ்வில் ஒட்டியது. அங்கே ஒரு கால்வாய் திறந்து, சங்கிலி உள்ளே இறங்கத் தொடங்கியதும் வேலை மறுபடி வேகமெடுத்தது. புரதங்கள் தங்கள் முகவரியைத் தங்கள் உடம்பிலேயே சுமந்து வருகின்றன என்ற கருத்தை 1970களில் வளர்த்தெடுத்த குந்தர் பிளோபெலுக்கு 1999இல் நோபல் பரிசு. எனக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பிடித்த கருத்தும் இதுதான். ரிபோசோம்களில் 'வலை ரிபோசோம்', 'தனி ரிபோசோம்' என்று இரண்டு ஜாதி கிடையாது. எல்லாம் ஒன்றுதான். எந்தச் சங்கிலியைச் செய்துகொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்து ஒட்டிக்கொள்கிறது, வேலை முடிந்ததும் பிரிந்துபோகிறது.

உள்ளே இறங்கியதும் முகவரி வெட்டப்பட்டது. 110 அமினோ அமிலங்களில் 86 மிஞ்சின. இப்போது அதன் பெயர் புரோஇன்சுலின். 1967இல் டொனால்ட் ஸ்டைனர் இதைக் கண்டறியும் வரை, இன்சுலினின் இரண்டு சங்கிலிகளும் தனித்தனியாகச் செய்யப்பட்டுப் பிறகு இணைகின்றன என்ற எண்ணம்தான் இருந்தது.

ஐந்தாம் நாள்: இன்னும் வலையில்தான்

வலையை விட்டுக் கிளம்ப மனம் வரவில்லை. உட்கருவின் வெளிச் சவ்விலிருந்து தொடங்கி, தட்டையான தாள்களாகவும் குழாய்களாகவும் செல் முழுக்கப் பரவியிருக்கும் ஒரே சவ்வு இது. சில இடங்களில் ரிபோசோம் இல்லாத வழவழப்பான குழாய்கள். அங்கே கொழுப்புகள் தயாராகின்றன. உள்ளே கால்சியம் சேமிக்கப்பட்டிருக்கிறது. கீத் போர்ட்டரும் கூட்டாளிகளும் 1945இல் வெளியிட்ட முதல் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்திலேயே இந்த வலையின் தடம் தெரிந்தது. அதற்கு முன் யாரும் இப்படி ஒன்று இருப்பதாகச் சரியாகப் பார்த்ததில்லை.

ஆனால் நான் இங்கே தங்கியது மடிப்பைப் பார்ப்பதற்காக. நீளமான சங்கிலி வெறும் சங்கிலியாக இருந்தால் பயன் இல்லை. சரியான வடிவில் மடிய வேண்டும். புரோஇன்சுலினில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஆறு இடங்களில் இருக்கிறது. அவை சரியான ஜோடிகளாகச் சேர்ந்து மூன்று கந்தகப் பிணைப்புகளை உண்டாக்க வேண்டும். தப்பான ஜோடி சேர்ந்தால் மடிப்பு தப்பு. உதவிக்கு நிற்கும் நொதிகள் பிணைப்பைப் போட்டும் பிரித்தும் திருத்திக்கொண்டே இருக்கின்றன. சர்க்கரை அதிகமாக இருக்கும் நேரத்தில் ஒரு பீட்டா செல் நிமிடத்துக்குப் பத்து லட்சம் புரோஇன்சுலின் வரை செய்கிறது. இந்த வேகத்தில் ஓடும்போது பிசகுகள் வராமல் இருக்குமா?

வருகின்றன. தப்பாக மடிந்தவை கால்வாய் வழியே வலையிலிருந்து சைட்டோபிளாசத்துக்குள் இழுக்கப்படுகின்றன. அவற்றின்மேல் யுபிக்விட்டின் என்ற சின்னப் புரதம் வரிசையாக ஒட்டப்படுகிறது. ஒட்டப்பட்டவை புரோட்டியாசோம் என்ற உருளைக்குள் போய்த் துண்டு துண்டாக வருகின்றன. இந்த ஏற்பாடு திணறும்போது வலையே வீங்குகிறது. புதுப் புரதம் செய்வதைக் குறைக்கச் சொல்லி உட்கருவுக்கும் ரிபோசோம்களுக்கும் செய்தி போகிறது. அதற்கும் சரியாகாவிட்டால் செல் தன்னையே முடித்துக்கொள்கிறது. இன்சுலின் மரபணுவில் ஒரே எழுத்து மாறி ஒரு சிஸ்டீன் போய்விட்டால், பிறந்த சில மாதங்களிலேயே குழந்தைக்குச் சர்க்கரை நோய் வரலாம். தப்பாக மடிந்த புரதம் நல்லவற்றையும் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பதுதான் அதற்குக் காரணம்.

ஆறாம் நாள்: கோல்கை

6 மீட்டர் பை ஒன்றில் ஏறிக் கோல்கைக்கு வந்தேன். தட்டையான பைகள் நாலைந்து, சில இடங்களில் எட்டு வரை, ஒன்றன்மேல் ஒன்றாக.

1898இல் கமிலோ கோல்கை ஆந்தையின் நரம்பு செல்களில் வெள்ளிச் சாயம் ஏற்றிப் பார்த்தபோது இது தென்பட்டது. அதற்கப்புறம் அரை நூற்றாண்டுக்கு மேல் சண்டை. சாயம் ஏற்றியதால் உண்டான பொய்த்தோற்றம், அப்படி ஒன்றே கிடையாது என்றவர்கள் பலர். 1950களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்து தீர்த்துவைத்தது. வந்ததுமே அடுத்த சண்டை தொடங்கியது: புரதங்கள் ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்குத் தாவுகின்றனவா, அல்லது தட்டே முன்னால் நகர்கிறதா?

நான் நின்ற தட்டு நகர்ந்தது. முன்பக்கம் புதுத் தட்டு உருவாகிக்கொண்டிருந்தது, பின்பக்கக் கடைசித் தட்டு பைகளாக உதிர்ந்துகொண்டிருந்தது, நடுவில் இருப்பவை மெல்ல முதிர்ந்து நொதிகளை மாற்றிக்கொண்டே போயின. பழைய நொதிகள் சின்னப் பைகளில் ஏறிப் பின்னோக்கித் திரும்பின. 2006இல் ஈஸ்ட் செல்களில் ஒரு தட்டு முதிர்வதை உயிரோடிருக்கும்போதே இரண்டு குழுக்கள் தனித்தனியாகப் பார்த்துவிட்டன. மற்ற செல்களில் இது மட்டும்தானா என்ற விவாதம் முற்றிலும் ஓயவில்லை. எப்படியானாலும், கோல்கை என்று நாம் சுட்டிக்காட்டுவது ஒரு பொருளை அல்ல. சற்று முன் அங்கே இருந்த சவ்வு இப்போது அங்கே இல்லை.

இங்கே பல புரதங்களுக்குச் சர்க்கரைச் சங்கிலிகள் திருத்தப்படுகின்றன. லைசோசோமுக்குப் போக வேண்டிய நொதிகளுக்கு மேன்னோஸ்-6-பாஸ்பேட் என்ற அடையாளம் ஒட்டுகிறார்கள். அந்த ஓர் அடையாளத்தை ஒட்டும் நொதி பழுதானால், லைசோசோம் நொதிகள் எல்லாம் வழி தவறிச் செல்லுக்கு வெளியே போய்விடுகின்றன. கடுமையான பிறவி நோய் அது. நம் புரோஇன்சுலினுக்குச் சர்க்கரை எதுவும் ஒட்டுவதில்லை. சும்மா கடந்துபோகிறது.

ஏழாம் நாள்: பைக்குள்

கடைசித் தட்டிலிருந்து பிரிந்த 30 மீட்டர் பையில் இருக்கிறேன். சவ்வில் இருக்கும் பம்புகள் புரோட்டான்களை உள்ளே தள்ளத் தள்ள, அமிலம் ஏறுகிறது. பி.எச். 5.5 அருகே வந்ததும் வெட்டும் நொதிகள் விழித்துக்கொள்கின்றன. புரோஇன்சுலினின் நடுத்துண்டை இரண்டு பக்கமும் வெட்டி எடுக்கின்றன. மிஞ்சுவது 21 அமினோ அமிலங்கள் உள்ள ஏ சங்கிலி, 30 உள்ள பி சங்கிலி, இரண்டையும் பிடித்திருக்கும் கந்தகப் பிணைப்புகள். இதுதான் இன்சுலின். இந்த வரிசையை முழுதாகக் கண்டறிந்ததற்கு ஃபிரெடரிக் சாங்கர் 1958இல் நோபல் பெற்றார். ஒரு புரதத்தின் முழு வரிசை தெரியவந்தது அதுவே முதல் முறை. ஆறு இன்சுலின்கள் இரண்டு துத்தநாக அயனிகளைச் சுற்றிச் சேர்கின்றன, அந்த ஆறுகள் படிகமாக அடுக்கப்படுகின்றன. பையின் நடுவே ஒரு கரும்படிகம். டோரதி ஹாட்ஜ்கின் குழு இந்த அமைப்பை 1969இல் வெளியிட்டது. முப்பத்தைந்து ஆண்டு அவர் கையில் இருந்த கேள்வி அது.

வெட்டி எடுக்கப்பட்ட நடுத்துண்டு, சி-பெப்டைடு, 31 அமினோ அமிலங்கள். அதை யாரும் தூக்கி எறிவதில்லை. படிகத்தைச் சுற்றியுள்ள நீரில் அதே பையில் மிதக்கிறது.

சரி, பை தயார். இனி வெளியேற வேண்டியதுதான் என்று நினைத்தால் இங்கே ஒரு விசித்திரம். ஒரு பீட்டா செல்லில் இப்படிப்பட்ட பைகள் சுமார் 10,000. முதலில் வந்தவருக்கு முதலிடம் என்ற முறை இல்லை. புதிதாக வந்த பைகளுக்கே வெளியேற வாய்ப்பு அதிகம். பல நாள் காத்திருந்து கிழடாகிப்போனவை லைசோசோமோடு இணைந்து கரைந்துபோகின்றன. அப்படிக் கரைந்துகொண்டிருந்த ஒன்றைப் பார்த்தேன். உள்ளே ஐம்பதுக்கும் மேற்பட்ட வகை நொதிகள். படிகம் அமினோ அமிலங்களாகி, அவை வெளியே கடத்தப்பட்டு, மறுபடி ரிபோசோம்களுக்கே போகின்றன.

லைசோசோமைக் கண்டுபிடித்த கிறிஸ்டியன் டி டூவ், கல்லீரலில் இன்சுலின் என்ன செய்கிறது என்று தேடப் போனவர். அவர் அளந்த ஒரு நொதி, புதிதாக அரைத்த கல்லீரலில் குறைவாகவும், சில நாள் குளிர்பெட்டியில் வைத்த அதே மாதிரியில் அதிகமாகவும் இருந்தது. நொதி ஏதோ பைக்குள் அடைபட்டிருந்து, பை கிழிந்த பிறகு வெளிவருகிறது என்று ஊகித்தார். இன்சுலினை விட்டுவிட்டு அந்தப் பையின் பின்னால் போனார். 1955இல் அதற்குப் பெயர் வைத்தார்.

எட்டாம் நாள்: மைட்டோகாண்ட்ரியா

பை எப்போது வெளியேற வேண்டும் என்பதை யார் சொல்வது? உட்கரு அல்ல. விடை மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிறது.

தனித்தனி அவரை விதைகளாக இவற்றை வரைவார்கள். நான் பார்த்தவை நீண்டு, கிளைத்து, ஒன்றோடொன்று இணைந்து, மறுபடி பிரிந்துகொண்டிருந்தன. 50 மீட்டர் அகலக் குழாய்கள். வெளிச்சவ்வில் பெரிய துளைகள், நுழைவது எளிது. உட்சவ்வு மடிந்து மடிந்து உள்ளே நீள்கிறது. அது எதையும் சும்மா விடாது. உள்ளே சொந்தமாக வட்ட டி.என்.ஏ.: 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள். சொந்த ரிபோசோம்களும் உண்டு, அவை பாக்டீரியாவுடையதை ஒத்தவை. ஒரு காலத்தில் தனியாக வாழ்ந்த பாக்டீரியாவின் வழிவந்தவை இவை என்று 1967இல் லின் மார்குலிஸ் வாதிட்டபோது பலர் சிரித்தார்கள். இப்போது அது பாடம்.

வெளியே உடைக்கப்பட்ட குளுக்கோஸின் மிச்சம் இங்கே வந்து எரிகிறது. எலக்ட்ரான்கள் உட்சவ்வில் உள்ள புரதத் தொகுப்புகள் வழியே கைமாறிக் கடைசியில் ஆக்சிஜனுக்குப் போய்த் தண்ணீராகின்றன. நாம் மூச்சு விடுவது இந்தக் கடைசிப் படிக்காகத்தான். சயனைடு அடைப்பதும் இதே படியை. வழியில் புரோட்டான்கள் சவ்வின் மறுபக்கம் தள்ளப்படுகின்றன. அதனால் சவ்வின் இரு பக்கமும் 150 மில்லிவோல்ட்டுக்கு மேல் வித்தியாசம். கேட்க அற்பமாக இருக்கிறது அல்லவா? இவ்வளவு மெல்லிய சவ்வில் அது மீட்டருக்கு சுமார் 3 கோடி வோல்ட் என்ற மின்புலம். ஆற்றல் இப்படித்தான் சேமிக்கப்படுகிறது என்று 1961இல் பீட்டர் மிட்செல் எழுதியபோதும் பெரிய எதிர்ப்பு. 1978இல் நோபல்.

புரோட்டான்கள் திரும்பி வரும் வழியில் என் உயரத்துக்கு ஓர் எந்திரம் சுழல்கிறது: ஏ.டி.பி. சின்தேஸ். நிஜமாகவே சுழல்கிறது, உவமை அல்ல. 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதன் அச்சில் ஓர் ஒளிரும் இழையை ஒட்டி, அது சுற்றுவதை நுண்ணோக்கியில் காட்டினார்கள். நம் செல்களில் எட்டு புரோட்டான்களுக்கு ஒரு சுற்று, ஒரு சுற்றுக்கு மூன்று ஏ.டி.பி. நேரத்தை நிறுத்தி அச்சைத் தொட்டுப் பார்த்தேன். இதைவிட அழகான ஒன்று செல்லில் வேறெங்கும் இல்லை என்பது என் கட்சி.

இங்கிருந்துதான் உத்தரவு கிளம்புகிறது. இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் உள்ளே வரும் குளுக்கோஸ் ஏறும், ஏ.டி.பி. ஏறும். செல்சவ்வில் ஏ.டி.பி. ஒட்டினால் மூடிக்கொள்ளும் பொட்டாசியம் வாசல் ஒன்று உண்டு. அது மூடியதும் சவ்வின் மின்னழுத்தம் மாறுகிறது. அதனால் கால்சியம் வாசல்கள் திறக்கின்றன. உள்ளே இருப்பதைவிட வெளியே கால்சியம் சுமார் 10,000 மடங்கு அதிகம், கொட்டுகிறது. சர்க்கரை நோய்க்குத் தரப்படும் கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் இதே பொட்டாசியம் வாசலைத்தான் நேரடியாக மூடுகின்றன.

ஒன்பதாம் நாள்: வெளியே

புதிதாக வந்த பை ஒன்றைப் பார்த்து ஏறிக்கொண்டேன். கைனசின் சவ்வு வரை கொண்டுவந்தது. சவ்வுக்கு அடியில் ஆக்டின் இழைகளின் அடர்ந்த வேலி; அது அங்கங்கே தளர்ந்தால்தான் வழி. பையின் சவ்விலிருந்து ஒரு புரத இழை, செல்சவ்விலிருந்து இரண்டு. மூன்றும் ஒன்றையொன்று முறுக்கத் தொடங்கி, பாதியில் நின்றன. இப்படித் தயாராக நிற்பவை மொத்தப் பைகளில் கொஞ்சமே. ஜேம்ஸ் ராத்மன், ராண்டி ஷெக்மன், தாமஸ் சூடாஃப் மூவரும் 2013இல் நோபல் வாங்கியது இந்தப் போக்குவரத்தைப் பிரித்துப் படித்ததற்காக.

கால்சியம் வந்தது. முறுக்கு இறுகியது. இரண்டு சவ்வும் ஒன்றாகி வாய் திறந்தது. வெளியே பி.எச். 7.4, படிகத்தால் தாங்க முடியவில்லை. துத்தநாகம் விலக, ஆறாக இருந்தவை இரண்டாகி, தனித்தனி இன்சுலின்களாகி, பக்கத்து இரத்தக் குழாயின் துளைகளில் புகுந்தன.

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. கணையத்தின் இரத்தம் முதலில் போவது கல்லீரலுக்கு. ஏறத்தாழ பாதி இன்சுலின் அந்த முதல் சுற்றிலேயே அங்கே பிடிபட்டுவிடும். மிஞ்சியதற்கும் ஆயுள் நிமிடக் கணக்குதான். சி-பெப்டைடை மட்டும் கல்லீரல் தொடுவதே இல்லை என்று சொல்லலாம். ஓர் இன்சுலினுக்கு ஒரு சி-பெப்டைடு என்ற கணக்கில் வெளிவந்து, அரை மணி நேர அளவில் இரத்தத்தில் சுற்றுகிறது. ஒருவருடைய கணையம் சொந்தமாக இன்சுலின் செய்கிறதா, ஊசி மருந்திலிருந்து வந்ததா என்று மருத்துவர்கள் தெரிந்துகொள்வது இதை அளந்துதான். ஊசி மருந்தில் சி-பெப்டைடு கிடையாது.

எனவே இத்தனை தூரம் கூட வந்த இன்சுலினை விட்டுவிட்டு, ஒரு சி-பெப்டைடைப் பிடித்துக்கொண்டேன். அதில் பெரும்பகுதி சிறுநீரகத்தில் சிதைக்கப்படும், கொஞ்சம் சிறுநீரில் முழுசாக வெளியேறும். நான் எந்த வழியாகத் திரும்பி வந்தேன் என்ற விவரத்தை இங்கே எழுதப் போவதில்லை.